முடித்தவர்களும் பேசியவர்களும்

ஜூலை 5, சனி

இன்று வட்டார வள மையத்தில் பயிற்சி. ஆசிரியர்களின் சனிக்கிழமையைத் தின்பதற்கென்றே யாரோ கண்டுபிடித்த ஏற்பாடு. ஐந்தாம் வகுப்பு எடுப்பவர்கள் நாற்பது பேர் வந்திருந்தோம். மூன்று மின்விசிறிகளில் சுற்றாத ஒன்றுக்கு அடியில் இடம் பிடித்தது நான். வகுப்பெடுக்க வந்தவர் ஜெபராஜ் என்று ஒரு சின்ன வயதுக்காரர். என் மகனைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம்.

வந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வேலையை முதலில் முடிக்கும் பிள்ளை, மற்றவர்கள் முடிக்கும்வரை என்ன செய்யும்? வாய்மேல் விரல் வைத்து உட்காரச் சொல்வேன் என்றார் ஒருவர். இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பேன் என்றார் இன்னொருவர். பின்வரிசை சார் ஒருவர் டீ வாங்கிவர அனுப்புவேன் என்று ஆரம்பித்து, பாதியில் அதை இருமலாக்கிவிட்டார். நான் எழுந்து, பேர் எழுதச் சொல்வேன் என்றேன். நிறைய தலைகள் ஆடின.

முதலில் முடித்த பிள்ளை கரும்பலகை ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று எழுதிக் கோடு போடும். பேசுகிற பிள்ளையின் பெயர் அதன்கீழ் ஏறும். திரும்பவும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அதாவது பிள்ளைகள் பாஷையில் ஒரு இன்ட்டு. மூன்று இன்ட்டு விழுந்தால் விளையாட்டு பீரியடு கிடையாது. நானே மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை பேர் எழுதியவள். தென்காசியில் என் வகுப்புக்குள் ஈ வந்தால் அதன் பேரும் பலகையில் ஏறும் என்று எங்கள் டீச்சர் பெருமையாகச் சொல்வார்கள்.

“அதுல அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் டீச்சர்?” என்று கேட்டார் ஜெபராஜ்.

பொறுப்பு கிடைக்கும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் எல்லாரும் ஒரு மாதம் குறிப்பு எழுத வேண்டும் என்றார். முதல் பிள்ளை முடிப்பதற்கும் கடைசிப் பிள்ளை முடிப்பதற்கும் நடுவில் வகுப்பில் என்ன நடக்கிறது என்று. யாரிடமும் காட்ட வேண்டாமாம். காட்ட வேண்டாம் என்றால் எழுதலாம். நகைக்கடையில் கொடுத்த டைரி ஜனவரி ஒன்றோடு நின்றுபோய்க் கிடக்கிறது.

ஜூலை 7, திங்கள்

வகுத்தல் கணக்கு எட்டு. ஆவுடைச்செல்வி ஆறு நிமிடத்தில் முடித்தாள். கடைசி ஆள் முடிக்க முப்பத்தொரு நிமிடம். ஆக, இருபத்தைந்து நிமிடம் என் மேஜையைச் சுற்றிக் கூட்டம். “முடிச்சிட்டேன் டீச்சர்” என்ற சொல்லை இன்று மட்டும் நாற்பத்திரண்டு முறை கேட்டேன். வகுப்பில் இருப்பதே இருபத்தேழு பேர்.

ஆவுடை மட்டும் மேஜைப் பக்கம் வருவதில்லை. முடித்ததும் நோட்டை மூடுவாள், எழுந்து போய்ச் சாக்பீஸ் எடுப்பாள், தலைப்பு எழுதிக் கோடு போடுவாள். நான் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. என் கையெழுத்தைவிட அவள் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதை இங்கே மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

முதல் பெயர் வழக்கம்போல் பேச்சியம்மாள். வகுப்பு முழுக்க ஹர்ஷினி, தர்ஷினி, யாழினி என்று இருக்க, இந்த இரண்டு பேருக்கு மட்டும் குலசாமி பெயர். அதிலும் பேச்சிக்குப் பெயரிலேயே பேச்சு இருக்கிறது, அவளைச் சொல்லி என்ன பிரயோஜனம். இன்று ஏழு இன்ட்டு வாங்கினாள்.

போன வருஷம் இரண்டும் ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டு திரியும். இந்த ஜூனில் பேச்சி தானாகவே மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டாள். நல்லதுதான், ஆவுடைக்கு இடைஞ்சல் இல்லை. மத்தியானம் சத்துணவுத் தட்டை எடுத்துக்கொண்டு ஆவுடை என் மேஜைப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சமத்துப் பிள்ளை.

ஜூலை 8, செவ்வாய்

முப்பத்தெட்டு முடிச்சிட்டேன்.

ஜூலை 9, புதன்

முடித்தவர்களுக்குக் கூடுதலாகப் பத்துக் கணக்கு கொடுத்துப் பார்த்தேன். ஹர்ஷினி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சீக்கிரம் முடிச்சா இன்னும் பத்து கணக்கா? அப்பம் நான் மெதுவாவே முடிக்கேன் டீச்சர்” என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் எரிச்சல்.

ரஹ்மத்து என்னை எங்கள் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருக்கிறாள். முப்பது வருஷத்துக்கு அப்புறம் எல்லாரும் ஒரே இடத்தில். நான் வணக்கம் சொல்லி ஒரு ரோஜாப்பூவும் போட்டேன். அதுவரை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த குழு அப்படியே நின்றுவிட்டது. டவர் இல்லை போல.

ஜூலை 12, சனி

பிஸ்கட் டப்பா ஒன்றைக் காலி செய்தோம். பிஸ்கட்டைத் தீர்க்கும் பொறுப்பை வீட்டுக்காரர் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். டப்பாவின் மேல் ‘முடிச்சாச்சு’ என்று எழுதி ஒட்டினேன். உள்ளே முப்பது சீட்டு, வேலையை முடித்த பிள்ளை ஒன்றை எடுத்து அதில் இருப்பதைச் செய்ய. யார் துணையும் இல்லாமல், என்னிடம் வந்து நிற்காமல், தானாகவே செய்யக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். செய்தால் ஏதாவது மிஞ்ச வேண்டும். படத்துக்கு வண்ணம் தீட்டு என்று எழுதிவிட்டு நானே கிழித்துப் போட்டேன். அது பிள்ளையைக் கட்டிப்போடும் வேலை, அவ்வளவுதான்.

யோசித்து யோசித்து எழுதினேன். ஜன்னல் வழியாகக் கேட்கும் சத்தங்களைப் பட்டியல் போடு. உன் சாணால் நம் வகுப்பை அள, அப்புறம் உன்னைவிடக் குட்டையான ஒருவர் சாணால் எத்தனை வரும் என்று கணக்குப் போடு. சத்துணவு முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்குபவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வாரம் பார்த்து எழுது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி வகுத்தலை நாலு வரியில் சொல். இருபது தாண்டியதும் எனக்கே குஷி வந்துவிட்டது. சாதம் குழைந்தது.

ஜூலை 14, திங்கள்

படுதோல்வி.

டப்பாவை மேஜைமேல் வைத்து விளக்கினேன். கணக்கு கொடுத்தேன். ஐந்தே நிமிடத்தில் ஆவுடை தவிர மற்ற இருபத்தாறு பேரும் முடித்துவிட்டார்கள். பேச்சியம்மாள் எட்டுக் கணக்குக்கும் விடை பூஜ்யம் என்று போட்டிருந்தாள். வகுத்தால் கடைசியில் பூஜ்யம்தானே வரும் என்று விளக்கம் வேறு. டப்பாவை நோக்கி ஓடிய ஓட்டத்தில் ஒரு பெஞ்சு சாய்ந்தது. சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியர் வேலாயுதம் சார், லட்டு கொடுக்கிறீர்களா என்று எட்டிப் பார்த்தார்.

ஆனாலும் பேச்சிக்கு வந்த ஜன்னல் சீட்டில் அவள் எழுதியதை இங்கே எழுதி வைக்காமல் இருக்க முடியவில்லை: “1. தறி. 2. தறி. 3. தறிக்கு நடுவுல காக்கா. 4. ஐஸ் வண்டி மணி. 5. தறி நின்ன சத்தம்.” பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு முழுக்க விசைத்தறிதான். தறி நின்றால் எப்படிச் சத்தம் கேட்கும் என்று சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டேன்.

சீட்டு எடுக்காதது ஆவுடை ஒருத்திதான். பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸோடு நின்றாள். எல்லாரும் சீட்டில் மூழ்கிவிட்டதால் எழுதப் பெயரே இல்லை. நான் அவளைக் கூப்பிட்டு, உனக்கு எதற்கு இந்தச் சீட்டெல்லாம், உனக்குப் பெரிய பொறுப்பு இருக்கிறது என்றேன். சரி டீச்சர் என்றாள்.

ஜூலை 16, புதன்

புதுச் சட்டம். முடித்த நோட்டைப் பக்கத்தில் இருப்பவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் டப்பாவைத் தொடலாம். சட்டம் பிரமாதமாக வேலை செய்தது. பேச்சியின் ஒரு தப்பை யாழினி கண்டுபிடித்துக் கொடுத்தாள், அதற்குப் பிறகு அவள் நோட்டில் பேச்சி மூன்று தப்பு கண்டுபிடித்தாள்.

ஆவுடை நோட்டை நேராக என்னிடம் கொண்டுவந்தாள். “நீங்களே கையெழுத்து போடுங்க டீச்சர்.” பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கணும் என்றேன். “பக்கத்துல யாரும் இல்ல டீச்சர்.”

பார்த்தால், நிஜமாகவே அவள் பெஞ்சில் அவள் மட்டும்தான். நானே போட்டேன். இந்த வகுப்பில் அவள் கணக்கைச் சரிபார்க்க வேறு யாருக்குத் தகுதி இருக்கிறது?

ஜூலை 18, வெள்ளி

மஞ்சள் கரு ஆய்வின் முடிவு: ஒதுக்குபவர்கள் ஒன்பது பேர். ஆய்வு செய்த தர்ஷினி அதோடு விடவில்லை. வெள்ளைக் கரு பிடிக்காத நாலு பேரையும் கண்டுபிடித்து இவர்களோடு சேர்த்துவிட்டாள். இன்று ஒரு துளி முட்டைகூடக் குப்பைக்குப் போகவில்லை. சத்துணவு அமைப்பாளர் அக்கா என்னிடம் வந்து நன்றி சொன்னார்கள்.

முடிச்சிட்டேன் எண்ணிக்கை: மூன்று.

ஜூலை 21, திங்கள்

நேற்று என் வகுப்புத் தோழிகள் பதினாறு பேர் குற்றாலம் போயிருக்கிறார்கள். ஐந்தருவிக்கு முன்னால் நின்று எல்லாரும் ஒரே நிறச் சேலையில் எடுத்த படம் குழுவில் வந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம், இங்கிருந்தும் ரொம்பத் தூரமில்லை. எனக்குச் சொல்ல மறந்திருப்பார்கள். நான் எப்படியும் போயிருக்க மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் நாள். அந்த நிறத்தில் என்னிடம் சேலையும் இல்லை.

ஆவுடை இன்று கணக்கு முடிக்க இருபது நிமிடம். காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தேன். இல்லை.

ஜூலை 23, புதன்

ஆவுடை கடைசி. சரியான விடையை அழிக்கிறாள், திரும்ப அதையே எழுதுகிறாள். பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஒரு விடையை நாலு முறை அழித்ததில் தாள் கிழிந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் கை வலிக்கிறதாம். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் சோம்பேறித்தனம் தொற்றுகிறதே என்று கோபம் வந்து, நாலு வார்த்தை கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

ஜூலை 25, வெள்ளி

ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆவுடை மெதுவாக முடிக்கிறாள் என்பதற்காகப் பொறுப்பைப் பறித்தால் பிள்ளை மனம் வாடிப்போகும். அதனால் கணக்கை அப்புறம் முடி, முதலில் போய்ப் பேர் எழுது என்று சொல்லிவிட்டேன். எழுந்து போனாள். சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆவுடையின் அப்பா மாடசாமி வந்தார். விசைத்தறியில் வேலை. வேட்டியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது, பாதி வேலையில் ஓடி வந்திருக்கிறார். டி.சி. வேண்டுமாம்.

“காலைல எந்திச்சதும் வயித்து வலிங்கா டீச்சர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா ஒண்ணுமில்லைங்காவ. வேற பள்ளிக்கூடத்துல சேத்து விடுங்கப்பான்னு ஒரே அழுகை. என்னத்துக்குன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கா.”

யாராவது அடித்தார்களா, திட்டினார்களா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று மட்டும் சொன்னாளாம். “ஒங்களப் பத்தி ஒண்ணும் கொறையாச் சொல்லல டீச்சர்” என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். பதினெட்டு வருஷத்தில் நான் பார்த்த பிள்ளைகளில் இவளைப்போல் ஒன்றில்லை. இவள் போய்விட்டால் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

மஞ்சள் வேன் அனுப்பும் ஏதோ தனியார் பள்ளியின் வேலைதான் இது என்று வேலாயுதம் சாரிடம் பொரிந்து தள்ளினேன். அவர், மாடசாமியிடம் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து திங்கட்கிழமை வாருங்கள், அதுவரை யோசியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். என்னிடம், அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு ஒரு வாரம் இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடித்தபசு, உள்ளூர் விடுமுறை. தெருவில் கால் வைக்க இடமில்லை. ராட்டினத்துக்குப் பக்கத்தில் என் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைப் பார்த்தேன். நடுவில் பேச்சி, கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்ல, மற்றதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. நாலடி தள்ளி ஆவுடை, கையில் பஞ்சுமிட்டாயோடு நின்றாள். ஒரு வாய்கூடக் கடிக்கவில்லை. அவர்கள் சிரித்தபோது அவளும் கொஞ்சம் சிரித்தாள். பேச்சி அவளைத் திரும்பிப் பார்த்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கூட்டத்தில் சேராத ஒழுக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி நினைத்தது எனக்கே சரியாகப் படவில்லை. வளையல் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டப்பாவில் ஒரு புதுச் சீட்டு போட்டேன். ‘டீச்சருக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்று எழுது.’ எல்லாருக்கும் பொதுச் சீட்டு, முடித்தவர்கள் எழுதிப் போடலாம். பேர் போட வேண்டாம். இன்று ஆவுடையைப் பலகைக்கு அனுப்பவில்லை, நீயும் எழுது என்றேன். சந்தோஷமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாரே வேலாயுதம் சார்.

பதினான்கு கேள்வி வந்தது. காக்காவுக்குச் சளி பிடிக்குமா? ஹெட்மாஸ்டர் ரூமில் எதுக்கு ரெண்டு கடிகாரம், ரெண்டும் ஏன் வேற வேற நேரம் காட்டுது? பூஜ்யத்தை யாருக்காவது பங்கு வச்சா கோவப்படுவாங்களா? (இது பேச்சிதான், பேர் போட்டாலென்ன போடாவிட்டாலென்ன.) ஒவ்வொன்றாக வகுப்பில் படித்துக் காட்டி, தெரியாததற்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டேன். தெரியாது என்று சொல்லும்போதெல்லாம் கைதட்டல்.

ஒன்றை மட்டும் படிக்கவில்லை. மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டேன். அச்சடித்ததுபோல் கையெழுத்து.

“பேர் எழுதுறவ பேசினா, அவ பேர யார் எழுதுவா?”

முதலில் சாதாரணமாகத்தான் படித்தேன். லீடர் பேசக்கூடாது என்று பதில்கூட மனதில் வந்துவிட்டது. பிறகு வீட்டுக்கு வந்து தோசைக்கல்லைப் போட்டுவிட்டு நின்றேன். கல் காய்ந்து புகைய ஆரம்பித்த பிறகுதான் நினைவு வந்தது. ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பிள்ளை வகுப்பில் யாரோடும் பேசி நான் பார்த்ததே இல்லை. யாரும் அவளோடு பேசியும் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 9, சனி

ரஹ்மத்துக்குப் போன் போட்டேன். குற்றாலத்துக்கு என்னை ஏன் கூப்பிடவில்லை என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

“ஏட்டி உலகு, வேணும்னு விடலட்டி. யாருக்கும் தோணல, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துல நாங்க என்னமும் பேசிக்கிட்டு இருப்போம், நீ வந்தா வாய மூடிருவோம். அது அப்படியே பழகிப்போச்சு. அன்னைக்கு நீ குரூப்ல வணக்கம் போட்டியா, எல்லாம் கம்முனு ஆயிட்டுல்லா.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “எம் பேருக்கு ஒரே நாளுல பதினோரு இன்ட்டு போட்டவதான நீ.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு கோபமா உங்களுக்கு என்று கேட்டேன்.

“கோவம் என்னட்டி கோவம், அதெல்லாம் ஒரு வயசு. எங்க எல்லாரு பேரும் பலகைல இருக்கும், ஒம் பேரு மட்டும் இருக்காது. எனக்குப் பாவமாத்தான் இருக்கும்.”

போனை வைத்துவிட்டு அழுதேன். வெங்காயம்கூட உரிக்கவில்லை, சாக்குச் சொல்ல. வீட்டுக்காரர் வந்து என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இதுவரை இந்த டைரியில் எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். டவர் இல்லையாம். துணி துவைக்கும் நாளாம். இதை எழுதியவளை நம்பி ஒரு பிள்ளையை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று எனக்கே பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மாடசாமி மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

முதல் பீரியடிலேயே எழுந்து நின்று சொன்னேன். ஜூன் மாதத்திலிருந்து உங்கள் பெயர்களையெல்லாம் பலகையில் எழுதியது ஆவுடை இல்லை, நான். சாக்பீஸ் மட்டும்தான் அவள் கையில் இருந்தது. அது தப்பு. இனிமேல் இந்த வகுப்பில் யாரும் பேர் எழுதப் போவதில்லை. வகுப்பு முழுக்க அமைதி. இப்படி ஒரு அமைதி வர வேண்டும் என்றுதான் இரண்டு மாதமாகப் பாடுபட்டேன்.

பேச்சி கையைத் தூக்கினாள். “எனக்கு ஏழு இன்ட்டு போட்டாளே டீச்சர், அதுவும் நீங்களா?”

“அதுவும் நான்தான்.”

“ஒரு இன்ட்டுதான் டீச்சர் எனக்கு வரணும். மிச்ச ஆறும் யாழினிது.”

அதையும் விசாரித்துக்கொள்ளலாம் என்றேன். ஆவுடை தலையைத் தூக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டால் உடனே பிள்ளைகள் ஓடி வந்து கட்டிக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. கணக்கு கொடுத்தேன். ஆவுடை அவளுடைய காலிப் பெஞ்சில் இருந்து எழுதினாள். ஆறு நிமிடத்தில் முடித்தாள். முடித்துவிட்டு, எழுந்து பலகைக்குப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பிசைந்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு நானே அவளிடம் போனேன். அவள் எடுத்த சீட்டு ஜன்னல் சீட்டு.

நான் எதையும் திட்டம் போடவில்லை, சாமி சத்தியமாக. பேச்சி எழுதிய பழைய பட்டியல் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான். ஏற்கெனவே ஒருத்தி எழுதியிருக்கிறாள், அதில் ஐந்தாவது எனக்குப் புரியவில்லை, தெரிந்தால் சொல் என்று பட்டியலை அவள் முன்னால் வைத்தேன். தறி நின்ன சத்தம்.

அவள் படித்தாள். ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல், மூன்றாவது வரிசையைப் பார்த்துச் சொன்னாள்.

“அது நூல் அந்துபோன சத்தம். ஒரு தறி மட்டும் நிக்கும். எங்கப்பா ஓடிப்போய் முடிச்சுப் போடுவாவ, அப்புறம் ஓடும்.”

“நான் எழுதினது சரிதான டீச்சர்” என்று பேச்சி துள்ளி எழுந்தாள். “நீங்க செவப்பு மைல கேள்விக்குறி போட்டீங்க.” பிறகு ஆவுடையிடம், “முடிச்சுன்னா எப்படி? சடை முடிச்சு மாதிரியா?” என்று கேட்டாள்.

இல்லை, அது வேறு என்றாள் ஆவுடை. பேச்சி எழுந்து வந்து அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். என் சேலை முந்தானையில் தொங்கிய நூலைக் கேட்டு வாங்கினார்கள். அறுத்தார்கள், சேர்த்தார்கள், ஆவுடை ஒற்றைக் கையாலேயே முடிச்சுப் போட்டுக் காட்டினாள். முடிச்சிட்டேன் முடிச்சிட்டேன் என்று நாங்களெல்லாம் தினமும் சொன்னது இதைத்தானா என்று பேச்சி கேட்க, ஆவுடைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அப்புறம் பேச்சுதான். இரண்டு மாதப் பாக்கியை ஒரே பீரியடில் தீர்க்கிற வேகம். தமிழ்ப் பாடம் தொடங்கிவிட்டது, அவர்களுக்குத் தெரியவில்லை. நான் இரண்டு முறை மேஜையைத் தட்டினேன், கேட்கவில்லை.

எழுந்து போய்ச் சாக்பீஸ் எடுத்தேன். பலகை ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று எழுதிக் கோடு போட்டேன். கீழே ஒரே ஒரு பெயர் எழுதினேன். ஆவுடைச்செல்வி. பக்கத்தில் ஏழு இன்ட்டு.

வகுப்பு திகைத்துப்போய்ப் பார்த்தது. அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். ஆவுடை அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். காது வரைக்கும் சிரிப்பு விரிந்தது. பேச்சிதான் முதலில் கைதட்டினாள். அப்புறம் ஆவுடை எழுந்து வந்து என்னிடம் கையை நீட்டினாள். சாக்பீஸைக் கொடுத்தேன்.

“நீங்களுந்தான டீச்சர் காலைல இருந்து பேசிக்கிட்டே இருக்கிய” என்று சொல்லிவிட்டு, தன் பெயருக்குக் கீழே அழகாக எழுதினாள். உலகம்மாள் டீச்சர். ஒரு இன்ட்டு. நாற்பத்தேழு வயதில் என் பெயர் அந்தப் பட்டியலில் ஏறுவது இதுதான் முதல் தடவை.

மூன்று மணிக்கு மாடசாமி வாசலில் வந்து நின்றார். கையில் டி.சி.க்கு எழுதிய விண்ணப்பம். ஆவுடையும் பேச்சியும் ஜன்னல் ஓரம் நின்று ஆறாவது சத்தம் என்னவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவளைக் கூப்பிட்டு அப்பா வந்திருக்கிறார் என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீங்க போங்கப்பா, நாங்க இன்னும் முடிக்கல” என்றாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பலகையைப் படம் எடுத்து எங்கள் குழுவில் போட்டேன். இதோ, என் பேரையும் ஒருத்தி எழுதிவிட்டாள் என்று கீழே எழுதினேன். கொஞ்ச நேரம் குழு வழக்கம்போல் அமைதியாக இருந்தது. பிறகு ரஹ்மத்து ஒரே ஒரு இன்ட்டு போட்டாள். உடனே இன்னொருத்தி போட்டாள். சாதம் வடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒவ்வொருத்தியாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதுவரை இருபத்து மூன்று இன்ட்டு, அதில் பதினொன்று ரஹ்மத்து மட்டும்.